தகவல் கட்டுரை கேட்டால் கதை வருகிறது. பிள்ளைகளுக்கு வித்தியாசத்தை எப்படிப் புரிய வைப்பது?

சாக்பீஸ்_காரைக்குடி கேட்டது:

வணக்கம். எட்டாம் வகுப்புத் தமிழுக்காகக் கேட்கிறேன். ‘ஆத்தங்குடிக் கல் எப்படித் தயாராகிறது’ (செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் பூப்போட்ட கல்) என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் முக்கால்வாசி நோட்டு இப்படித்தான் ஆரம்பிக்கிறது:

“நான் ஒரு ஆத்தங்குடிக் கல் பேசுகிறேன். என் வயது நூறு. பெரிய செட்டியார் வீட்டு வளவில் கிடக்கிறேன். என் மேல் எத்தனை கொலுசுப் பாதங்கள் நடந்தன! என்னைச் சூளையில் சுட்டபோது நான் அழுதேன்…”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுப் பக்கமும் படித்த பிறகு கல் எப்படித் தயாராகிறது என்பது தெரியவில்லை. போதாக்குறைக்கு அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதே இல்லை. “கதை என்பது கற்பனை, கட்டுரை என்பது உண்மை” என்று சொன்னால், “நான் எழுதினதும் உண்மைதானே டீச்சர், கல் இருக்கே” என்று பதில் வருகிறது.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, உண்மை–பொய் என்பதைத் தாண்டி இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேறு வழி உண்டா? இரண்டு, எங்கள் ஊர்ப் பக்கத்தில் எதை எழுதினாலும் பூம்புகார்க் கதை, அதாவது நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பூம்புகாரிலிருந்து வந்த கதை, வந்துவிடும். அதைக் கட்டுரையில் எங்கே வைப்பது? மூன்று, மதிப்பெண் எதை வைத்துப் போடுவது?

---

பதிப்பறை பதில்:

டீச்சர், முதலில் பிள்ளைகள் மேல் தப்பில்லை. ‘நான் ஒரு மழைத்துளி’, ‘நான் ஒரு மரம் பேசுகிறேன்’ என்று தன்வரலாற்றுக் கட்டுரையை நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். பொருள் ஒன்றைக் கொடுத்தால் அதற்கு வாய் வைப்பதுதான் கட்டுரை என்று கை பழகிவிட்டது. அது நல்ல பயிற்சிதான், ஆனால் வேறு பயிற்சி.

உண்மை–பொய் என்று பிரித்தால் சீக்கிரம் மாட்டிக்கொள்வோம். கதையில் வரும் ஊர், தெரு, விலை எல்லாம் அச்சு அசலாக இருக்கலாம், அப்போதும் அது கதைதான். கட்டுரையில் ஒரு வருஷம் தப்பாக இருக்கலாம், அதனால் அது கதையாகிவிடாது. தப்பான கட்டுரை, அவ்வளவுதான். வித்தியாசம் வாசகர் கேட்கக்கூடிய கேள்வியில் இருக்கிறது. கட்டுரையின் எந்த வரியிலும் விரல் வைத்து “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கலாம். எழுதினவர் பதில் சொல்லியாக வேண்டும்: பார்த்தேன், அளந்தேன், இன்னாரிடம் கேட்டேன், இந்த ஏட்டில் இருக்கிறது. கதையில் வரும் ஆச்சி எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தக் கல் அழுதது எப்படித் தெரியும் என்று உங்கள் மாணவரிடம் கேளுங்கள், அவரே சிரித்துவிடுவார்.

இரண்டாவது, வரிசை. கதை ஒளித்து வைக்கும். யார் எடுத்தார், ஏன் போனார் என்பதைக் கடைசிப் பக்கம் வரை தள்ளிக்கொண்டு போவதில்தான் அதன் ருசி. கட்டுரையில் அதைச் செய்தால் கோபம் வரும். ‘சுடுவதில்லை, வார்ப்பது’ என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

மூன்றாவது, வாசகர் நுழையும் வாசல். கதைக்கு ஒரே வாசல், முதல் வரி. கட்டுரைக்குப் பல வாசல்: பொருளடக்கம், உள்தலைப்பு, அட்டவணை, படக்குறிப்பு, கடைசியில் சொல்லடைவு. வாசகர் நடுப்பக்கத்தைத் திறந்து ‘ஊறவைத்தல்’ என்ற தலைப்பின் கீழ் நாலு வரி மட்டும் படித்துவிட்டுப் போவார். அந்த நாலு வரி “பிறகு அதை அதில் போடுவார்கள்” என்று இருந்தால் அவருக்கு என்ன புரியும்? ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்திலும் ‘அது’வை எடுத்துவிட்டுப் பெயரைப் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே பாதி நோட்டு தெளிந்துவிடும்.

நான்காவது தமிழுக்கே உரியது, வினைமுற்று. “ஊற்றினார், தூக்கினார், அழுதது” என்று இறந்தகாலம் வந்தால் அது ஒரே ஒரு நாள் நடந்த சம்பவம், கதைக்கு உரிய காலம். “ஊற்றுவார்கள், தூக்குவார்கள், உறிஞ்சும்” என்று வந்தால் அது எப்போதும் நடக்கும் வழக்கம். நம் எதிர்கால வினை வழக்கத்தையும் சொல்லும் என்பதைப் பிள்ளைகள் பேச்சில் சரியாகத்தான் பயன்படுத்துகிறார்கள் (“தாத்தா தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பார்”). எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறது. வரலாற்றுப் பகுதிக்கு இறந்தகாலம், செய்முறைக்கு வழக்கக்காலம். ஒரே பத்தியில் இரண்டும் கலந்தால் அங்கே கதை நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி உங்கள் கல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாதிரி:

“ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவது அல்ல. சிமெண்டால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைப்பார்கள். சட்டத்துக்குள், பூ வடிவத்தில் தடுப்புகள் உள்ள அச்சை இறக்கி, ஒவ்வொரு தடுப்பிலும் சிமெண்டும் வண்ணப்பொடியும் கலந்த குழம்பை ஊற்றுவார்கள். அச்சை அலுங்காமல் நேராக மேலே தூக்குவார்கள். சாய்த்துத் தூக்கினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். குழம்பின் மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவுவார்கள். அது குழம்பில் மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ஈரச் சாந்தை வைத்துக் கரணையால் மட்டம் செய்வார்கள். இறுகிய கல்லைத் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறவைப்பார்கள். கல்லிலிருந்து கண்ணாடி கழன்றதும் அதை ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பாக இருக்கும். தரையில் மேலே தெரிவது அந்தப் பக்கம்தான்.”

இதில் அழகுச் சொல் ஒன்றுகூட இல்லை, கவனியுங்கள். ஆனால் படிப்பவர் கண்ணில் கல் தெரிகிறது. முதல் வரி அவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் தப்பை எடுத்துவிடுகிறது. ‘நேராக’ என்ற சொல்லுக்கு அடுத்த வரியிலேயே காரணம் வந்துவிட்டது. ‘உலர்ந்த கலவை’க்கும் அப்படியே. செய்முறை எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் ‘ஏன்’ என்று கேட்டு, பதில் இருந்தால் அங்கேயே ஒரு வாக்கியத்தில் வைத்துவிட வேண்டும். கடைசியில் ஒரு பத்தியாகக் குவித்தால் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது: ‘சில நாள்’. எத்தனை நாள்? அது பட்டறைக்குப் பட்டறை மாறும் என்றால், எந்தப் பட்டறையில் கேட்டது, அவர்கள் சொன்ன எண் என்ன என்று எழுத வேண்டும். கதையில் ‘சில நாள்’ போதும். கட்டுரையில் அது எழுதினவர் கேட்க மறந்த கேள்வி.

நிறையப் பேர் விட்டுவிடுகிற ஒன்றையும் சேர்க்கலாம். கல்லின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்தபடி வார்ப்பதால், ஊற்றும்போது மேலிருந்து தெரியும் கோலமும் தரையில் பதித்த பிறகு தெரியும் கோலமும் இடம் வலம் மாறியவை. நாலு பக்கமும் ஒத்த பூவில் இது தெரியாது. எழுத்து வைத்த கல் வார்த்தால் அச்சிலேயே திருப்பிப் போட வேண்டும். இதை ஒரு பிள்ளை எழுதினால், அவர் நிஜமாகவே யோசித்திருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடலாம்.

---

கணக்கேடு பதில்:

மேலே சொன்னதோடு ஒன்று. நபர்களைப் பற்றி எழுதும்போது கதை வேறு வேடத்தில் வரும், பாராட்டு வேடத்தில். அழகப்பச் செட்டியாரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். “வாரி வாரி வழங்கிய வள்ளல், கல்விக்கண் திறந்த கற்பகத்தரு” என்று ஒரு பக்கம் ஓடும். பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள், வேறு எந்த வள்ளலுக்கும் அப்படியே பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற வரியில் தகவல் இல்லை.

இப்படி எழுதினால்? “1909 ஏப்ரல் 6-ல் கோட்டையூரில் பிறந்தார். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் நிறுவனம் திறக்கப்பட்டது.” ‘வள்ளல்’ என்ற சொல்லே இல்லை, ஆனால் படித்து முடித்ததும் படிப்பவரே அதைச் சொல்வார்.

மாணவருக்குக் கொடுக்க ஒரு சின்ன வேலை: கட்டுரையில் உள்ள எல்லா அடைமொழியையும் பென்சிலால் அடிக்கச் சொல்லுங்கள். அடித்த பிறகு வாக்கியத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த வாக்கியம் போகட்டும்.

‘சமீபத்தில்’, ‘இப்போது’, ‘அண்மைக்காலமாக’ மூன்றும் ஆகாது. “கண்டாங்கிச் சேலைக்குச் சமீபத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது” என்ற வரி பத்து வருஷம் கழித்தும் ‘சமீபத்தில்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 2019 என்று போட்டால் எந்த வருஷம் படித்தாலும் சரி. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதும்போது இன்னொரு சிக்கல்: காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கும். 1980-களில் மாவட்டம் பிரியும் முன் அச்சான புத்தகம் அது. அன்றைக்கு அது சரி, இன்றைக்கு எழுதினால் தப்பு. புத்தகம் அச்சான வருஷத்தைப் பார்க்காமல் அதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

---

சாக்பீஸ்_காரைக்குடி:

இரண்டு பேருக்கும் நன்றி. வினைமுற்று விஷயம் எனக்கே புதுசு. பூம்புகாரைப் பற்றி யாரும் தொடவில்லையே? “அதெல்லாம் கதை, எழுதாதே” என்று சொன்னால் வீட்டில் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அப்படியே வரலாறு என்று எழுதவிடவும் மனசு வரவில்லை.

---

ஓலைக்கட்டு பதில்:

எழுதாதே என்று சொல்ல வேண்டியதே இல்லை டீச்சர். எப்படி எழுதுவது என்பதுதான் பாடம்.

தமிழில் இதற்கென்றே ஒரு விகுதி இருக்கிறது. “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்.” அந்த ‘ஆம்’ என்ன சொல்கிறது? நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கட்டுரையில் அந்த ‘ஆம்’ போதாது, ஏனென்றால் யார் சொன்னது என்று அது சொல்வதில்லை. ‘ஆம்’ வரும் இடத்திலெல்லாம் சொன்னவரை எழுத வைப்பதுதான் வேலை.

மூன்று வாக்கியம் பாருங்கள்.

“நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தார்கள்.” எழுதினவர் தானே சாட்சி சொல்கிறார். கேட்டால் பதில் இருக்காது.

“நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தார்களாம்.” திண்ணைப் பேச்சு.

“காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியதாக நகரத்தார் தங்கள் மரபு வரலாற்றில் சொல்கிறார்கள்.” இது தகவல். இந்த வாக்கியத்தை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் மரபு அப்படிச் சொல்கிறது என்பது உண்மைதான். பெரியவர்களுக்கும் மனக்குறை இல்லை, கட்டுரைக்கும் பங்கமில்லை.

இதே கட்டுரையில் நேரில் போய்ப் பார்க்கக்கூடியவற்றை நேராகவே சொல்லலாம். நகரத்தார் கோவில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணிகோவில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இதற்கு ‘சொல்கிறார்கள்’ தேவையில்லை. எல்லா வரியிலும் ‘என்று கூறப்படுகிறது’ போடுவதும் ஒரு வியாதிதான். உறுதியானதற்கும் போட்டுவிட்டால் எது உறுதி எது இல்லை என்று படிப்பவர் பிரிக்க முடியாது. அதிலும் ‘கூறப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினை, சொன்ன ஆளை ஒளிக்க வசதியான போர்வை.

எண்களிலும் இதே கவனம் வேண்டும். ‘96 ஊர்’ என்பது மரபாகச் சொல்லும் எண். இன்றைக்குச் செட்டிநாட்டில் நகரத்தார் ஊர்கள் அதைவிடக் குறைவு. “செட்டிநாட்டில் 96 ஊர்கள் உள்ளன” என்று நிகழ்காலத்தில் எழுதினால் தப்பு, “96 ஊர் என்று மரபாகச் சொல்வார்கள்” என்றால் சரி. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு அந்த ‘ஆயிரம்’ பெயரில் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்துங்கள். எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கையை எழுதலாம். எண்ணாவிட்டால் பெயரை மட்டும் எழுதலாம்.

முட்டை விஷயமும் அப்படித்தான். “செட்டிநாட்டுச் சுவர்கள் முட்டையால் கட்டப்பட்டவை” என்று ஒரு வரி சுற்றிக்கொண்டிருக்கிறது. சுவரைக் கட்டுவது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். முட்டை வெள்ளைக்கரு பற்றிச் சொல்வதெல்லாம் மேலே வரும் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சுக்கு. ‘பூச்சில்’ என்ற ஒரு சொல்லை விட்டதும் தகவல் கதையாகிவிட்டது பாருங்கள். யாரும் பொய் சொல்லவில்லை, ஒரு சொல் உதிர்ந்தது, அவ்வளவுதான்.

சான்று எங்கே தேடுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீட்டிலேயே இருக்கும். கல்யாணத்தன்று எழுதும் இசைகுடிமானம் (நகரத்தார் திருமணப் பதிவு), பழைய கணக்கேடு, அழைப்பிதழ், கோவில் நோட்டீசு. தேதியும் ஊரும் பேரும் உள்ள எந்தக் காகிதமும் சான்றுதான். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களோடு அழைப்பிதழும் நாடக நோட்டீசும் இருந்தன. அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. குப்பை என்று நினைக்கும் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று சொல்ல இதைவிடப் பக்கத்து ஊர் உதாரணம் வேண்டுமா?

---

அடுப்பங்கரை பதில்:

இத்தனை பெரிய பேச்செல்லாம் வேண்டாம் டீச்சர், பிள்ளைகளைச் சமையல் குறிப்பு எழுதச் சொல்லுங்க. தகவல் எழுத்திலேயே சின்னது அதுதான். எழுதினது சரியா தப்பான்னு அடுப்பே சொல்லிரும், ஆளு வேண்டாம்.

கவுனி அரிசிய (கறுப்பு அரிசி) எடுத்துக்கங்க. “கவுனி அரிசியை நன்கு ஊறவைத்து, தேவையான அளவு தண்ணீர் விட்டு, பதமாக வேகவைத்து, சீனி சேர்த்து இறக்கவும்.” இப்படித்தான் நெறையப் பேரு எழுதுறாங்க. ‘நன்கு’, ‘தேவையான அளவு’, ‘பதமாக’. தெரிஞ்சவங்களுக்கு இந்தக் குறிப்பே வேண்டாம், தெரியாதவங்களுக்கு இது உதவாது. அப்ப யாருக்கு எழுதினது?

இப்படி எழுதச் சொல்லுங்க: கவுனி அரிசி 1 டம்ளர், கழுவி 3½ டம்ளர் தண்ணியில ராத்திரி முழுக்க, கொறஞ்சது 8 மணி நேரம் ஊறணும். ஊறுன தண்ணியக் கொட்டக் கூடாது, நெறம் அதுலதான் எறங்கியிருக்கு, அதுலயே வேக வைக்கணும். குக்கர்ல ஒரு விசில் வந்ததும் தீயக் கொறச்சு 25 நிமிஷம். ஒரு பருக்கைய நசுக்கிப் பாத்தா நடுவுல வெள்ளையா கட்டி நிக்கக் கூடாது. அதுக்கப்பறம் சூட்டோடயே சீனி முக்கா டம்ளர், தேங்காப்பூ அர டம்ளர், நெய் 2 கரண்டி. சீனிய முன்னாடியே போட்டா அரிசி வேகாம வெறைச்சுக்கும். அதான் கடைசில போடுறது.

‘ஏன்’ வந்துருச்சு, அளவு வந்துருச்சு, பதத்துக்கு அடையாளமும் வந்துருச்சு. ‘பதம்’னு சொல்லாம பருக்கைய நசுக்கச் சொல்லிருக்கு பாருங்க, அந்த எடத்தப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. இதுலயும் ஒரு கேள்வி இருக்கு, டம்ளர்னா எந்த டம்ளர்? ஒரே டம்ளரால எல்லாத்தையும் அளந்தா எந்த டம்ளரும் சரிதான், ஏன்னா கணக்கு பங்குக் கணக்கு. ஆனா அரிசிய ஆழாக்குலயும் தண்ணிய டம்ளர்லயும் அளந்தா கெட்டுது. அத ஒரு வரி எழுதிரணும். அப்பறம் கரண்டி. மேசைக்கரண்டியா, கொழம்புக் கரண்டியா? நானே விட்டுட்டேன், மேசைக்கரண்டி.

எழுதி முடிச்சதும் வேற பிள்ளை கையில குடுத்து, எழுதின பிள்ளை வாயத் தொறக்காம பக்கத்துல உக்காரணும். செய்யுற பிள்ளை எந்த எடத்துல நிமிர்ந்து பாக்குதோ, அந்த எடத்துல ஒரு வரி கொறையுது.

---

திண்ணை பதில்:

எல்லாரும் கதையை ஏதோ தீட்டு மாதிரி ஒதுக்குகிறீர்கள். கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஒரு சம்பவத்தில் தொடங்கும் தகவல் கட்டுரைதான் கடைசி வரை படிக்க வைக்கிறது. வெறும் அளவும் வருஷமுமாக எழுதினால் சரியாக இருக்கும், யார் படிப்பார்? “காலை ஏழு மணி. பட்டறை வாசலில் கண்ணாடித் தகடுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன” என்று தொடங்கினால் அது கதையாகிவிடுமா?

---

பதிப்பறை பதில்:

ஆகாது. அந்த வரியைத் தாராளமாக வைக்கலாம், ஒரே நிபந்தனை: எழுதினவர் ஏழு மணிக்கு அங்கே இருந்திருக்க வேண்டும். கண்ணாடி சாய்ந்து நின்றதை அவரோ, அவர் பெயர் சொல்லும் ஒருவரோ பார்த்திருக்க வேண்டும். கதையிடம் கட்டுரை கடன் வாங்கலாம்: காட்சி, வரிசை, ஒரு மனிதரின் கை அசைவு, நல்ல தொடக்கம். வாங்கக் கூடாதவை மூன்று. யாரும் கேட்காத உரையாடல். அடுத்தவர் மனதுக்குள் ஓடிய நினைப்பு. இரண்டு பேரைக் கலந்து செய்த ஒரு பாத்திரம். “இந்தக் கல் நூறு வருஷம் நிற்கும் என்று அந்தத் தொழிலாளி பெருமையோடு நினைத்துக்கொண்டார்” என்று எழுதினால் அங்கேயே கோடு தாண்டியாகிவிட்டது. அவர் அப்படிச் சொன்னார் என்றால் சொன்னார் என்று எழுதலாம். முகத்தில் பெருமை தெரிந்தது என்பதும் எழுதினவரின் ஊகம்தான். கையை இடுப்பில் வைத்துக் கல்லைத் தள்ளி நின்று பார்த்தார் என்பது காட்சி.

காட்சி எவ்வளவு நீளலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு பக்கக் கட்டுரையில் மூன்று வரி. நாலாவது வரியில் ‘இது எதைப் பற்றிய கட்டுரை’ என்பது வந்துவிட வேண்டும். எட்டாம் வகுப்புக்கு நான் காட்சியையே தவிர்ப்பேன், ஏனென்றால் கொடுத்தால் முக்கால் பக்கம் சூரியன் உதித்துக்கொண்டே இருக்கும்.

---

திண்ணை:

அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சருக்கு ஒரு யோசனை: ‘நான் ஒரு கல் பேசுகிறேன்’ நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லாதீர்கள், திருத்தினால் இரண்டும் கெட்டதாக ஒன்று வரும். அவை அப்படியே இருக்கட்டும். அதே பிள்ளை அதே கல்லைப் பற்றி எதிர்ப்பக்கத்தில் தகவல் கட்டுரை எழுதட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, கதையில் இருந்து கட்டுரைக்கு வராதது என்ன, கட்டுரையில் இருந்து கதைக்கு வராதது என்ன என்று கோடு போடச் சொல்லுங்கள். கொலுசுச் சத்தம் கட்டுரைக்கு வராது. உலர்ந்த கலவை கதைக்கு வராது. வந்தால் அது அற்புதமான கதை என்பது வேறு விஷயம்.

---

பாயிரம் பதில்:

மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது, மதிப்பெண். இதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறார். நூல் என்று அவர் சொல்வது கதையை அல்ல, ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் எழுத்தை. நாம் இன்று தகவல் எழுத்து என்பதற்குக் கிட்டத்தட்ட அதே இடம். பத்தையும் மாணவர் கட்டுரையோடு ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆள் கிடைக்கும்.

‘குன்றக் கூறல்’: ஊறவைப்பதை எழுதாமல் விட்டது. ‘மிகைபடக் கூறல்’: “உலகிலேயே சிறந்த தரை”. ‘கூறியது கூறல்’: முன்னுரையில் உள்ளதே முடிவுரையில். ‘மாறுகொளக் கூறல்’: மேலே சுடுவதில்லை என்று எழுதிவிட்டுக் கீழே சூளை என்பது. ‘மயங்க வைத்தல்’: அந்த ‘அது’, ‘இது’ எல்லாம். ‘வெற்றெனத் தொடுத்தல்’: கணக்கேடு சொன்ன கற்பகத்தரு. ‘மற்றொன்று விரித்தல்’ செட்டிநாட்டுக் கட்டுரையின் தனிவியாதி. கல்லில் தொடங்கி, வீட்டுக்குப் போய், பர்மாத் தேக்குக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி ரங்கூனில் முடியும். திரும்பி வராது. ‘சென்று தேய்ந்து இறுதல்’: முதல் அரைப்பக்கம் அருமை, மணி அடித்ததும் மூன்று வரியில் முடிந்துவிடும். ‘வழூஉச்சொல் புணர்த்தல்’ தப்பான சொல், இங்கே தொழிலுக்கு உரிய சொல் தெரியாமல் ‘ஏதோ ஒரு கருவி’ என்று எழுதுவதையும் அதில் சேர்ப்பேன். கடைசி ‘நின்று பயன் இன்மை’. படித்து முடித்தவர் எதையும் செய்ய முடியாது, யாருக்கும் சொல்ல முடியாது.

20 மதிப்பெண் என்றால் குற்றத்துக்கு 2. ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. குன்றக் கூறலுக்கும் மயங்க வைத்தலுக்கும் 3 கொடுத்து, மிகைக்கும் கூறியது கூறலுக்கும் பாதி வெட்டினால் தப்பில்லை என்பது என் கணக்கு. விட்டுப்போனது வாசகரைத் தப்பாக நடத்தும், மிகை வெறும் எரிச்சல்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தைப் பரீட்சைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரை என்று ஒரு தலைப்புப் போட்டதுமே அதை நிரப்ப எதையாவது எழுத வேண்டியிருக்கிறது, அங்கேதான் திருக்குறள் வந்து உட்காருகிறது. குறளுக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை. தலைப்புகள் ‘பொருள்கள்’, ‘வார்ப்பது’, ‘ஊறவைப்பது’, ‘எங்கே கெடும்’ என்று இருந்தால் ஒவ்வொன்றின் கீழும் என்ன வர வேண்டும் என்று தலைப்பே சொல்லிவிடும். தலைப்பைக் கேள்வியாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘முன்னுரை’யைக் கேள்வியாக்க முடியாது.

வாசிக்கவும் பழக்க வேண்டும். கலைக்களஞ்சியத்தில் ஏதாவது ஒரு பதிவை எடுத்து முதல் வாக்கியத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பெரியசாமித் தூரன் தலைமையில் 10 தொகுதியாக வந்தது, முதல் தொகுதி 1954. பழைய நூலகங்களில் இருக்கும். முதல் வாக்கியத்தில் பொருள் என்ன, எந்த வகையைச் சேர்ந்தது என்பது வந்துவிடுகிறதா என்று பார்க்கட்டும். பிறகு படம், படக்குறிப்பு, கடைசியாகப் பத்தி. கதையை அப்படிப் படித்தால் பாழ், தகவலை அப்படித்தான் படிக்க வேண்டும்.

---

சாக்பீஸ்_காரைக்குடி:

மற்றொன்று விரித்தல் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்றே எழுதின மாதிரி இருக்கிறது. கடைசியாக ஒன்று. பிள்ளைகள் போனில் படம் எடுத்து ஒட்டுகிறார்கள். கீழே ‘செட்டிநாட்டு வீட்டின் அழகு’ என்று எழுதுகிறார்கள். இதை என்ன செய்வது?

---

கணக்கேடு:

படத்தைப் பார்த்தாலே தெரிவதைக் குறிப்பில் எழுத வேண்டாம், பார்த்தால் தெரியாததை எழுத வேண்டும். அழகு தெரிகிறது. தெரியாதது: இது வீட்டில் எந்த இடம், எங்கே நின்று எடுத்தது, எதைக் கவனிக்க வேண்டும், எந்தத் தேதி. “முகப்பைத் தாண்டி வளவு. நடுவில் திறந்த முற்றம். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் இதில்தான் இறங்கும். வாசல் பக்கமிருந்து எடுத்த படம்.” பிறகு ஊர், மாதம், வருஷம். வீட்டுக்காரர் பெயர் போடுவதானால் அவரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். கல்லைப் படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவு தெரியாது.